மணிமேகலையின் அளவைநெறி: வாதமும் அதன் வரம்பும்

1

மணிமேகலையை ஆராய்ந்தோர் பலர் அக்காப்பியத்தின் இரண்டு காதைகளின் முன்னே தயங்கி நின்றுள்ளனர். ஒன்று, வஞ்சி நகரிலே சமயவாதிகள் பதின்மரின் கொள்கைகளைக் கதைத்தலைவி கேட்டறியும் 27ஆம் காதை. மற்றது, காஞ்சியிலே அறவண அடிகள் அவளுக்கு அளவையிலக்கணத்தை விரித்துரைக்கும் 29ஆம் காதை. இலக்கியச் சுவையை அளவுகோலாகக் கொண்டோர் இவற்றைக் காப்பியத்தோடு ஒட்டாத சாத்திரச் சுமை என ஒதுக்கினர். வரலாற்று நோக்குடையோர் இவற்றைக் கால ஆராய்ச்சிக்குரிய சான்றுகளாக மட்டும் பயன்படுத்தினர். உ. வே. சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்ததன் பின்னர் எழுந்த விவாதங்களுள் முக்கியமானதொன்று, 29ஆம் காதையின் தருக்கம் திக்நாகருக்கு முற்பட்டதா, பிற்பட்டதா என்பதாகும். எஸ். கிருஷ்ணசுவாமி ஐயங்கார் 1928இல் வெளியிட்ட நூலிலே முற்பட்டது என்னும் கட்சியை ஆதரித்தார். எஸ். குப்புசுவாமி சாஸ்திரியார் அப்பகுதி நியாயப்பிரவேசம் என்னும் வடமொழி நூலைத் தழுவியது எனக் காட்டினார். சீன மரபு சங்கரசுவாமிக்கும் திபெத்திய மரபு திக்நாகருக்கும் உரியதாகக் கூறும் அந்நூலை யுவான் சுவாங் 647இல் சீன மொழியிற் பெயர்த்தார். மணிமேகலையின் தருக்கம் அதனையே தழுவியதெனின், காப்பியத்தின் இன்றைய வடிவம் 6ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாதல் அரிது.

கால ஆராய்ச்சியின் பயனை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆயினும், சுவை நோக்கினரும் கால நோக்கினரும் கேளாது விட்ட வினா ஒன்றுண்டு. நியாயித்தலின் அடிப்படைகளைத் தமிழிலே விரிவாக எடுத்துரைக்கும் மிகப் பழைய நூல்களுள் ஒன்றான இக்காப்பியத்தில், அந்த நியாயித்தல் கதையினுள்ளே எவ்வாறு தொழிற்படுகின்றது? காப்பியம் கற்பிக்கும் தருக்கத்துக்கும் காப்பிய மாந்தர் நிகழ்த்தும் வாதங்களுக்கும் யாது தொடர்பு? இவ்வினாவுக்கு விடை காண முற்படும்போது, தருக்கம் எத்துணை கூரிய கருவி என்பதும், அக்கருவியின் கூர் எவ்விடத்திலே மழுங்குகின்றது என்பதும் ஒருங்கே புலனாகின்றன. மழுங்கும் இடங்கள் தற்செயலாக அமைந்தவை அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2

அளவை என்னும் சொல்லை முதலில் நோக்குவோம். நெல்லையும் நெய்யையும் அளக்கும் கருவியைக் குறித்த சொல்லே அறிவை அளக்கும் கருவியையும் குறித்தது. பிரமாணம் என்ற வடசொல்லின் வேர்ப்பொருளும் அளத்தலேயாகும். வாங்குவோனும் விற்போனும் ஒப்புக்கொண்ட அளவை இல்லாவிடில் சந்தை நடவாது. அவ்வாறே வாதிடும் இருவரும் ஒப்புக்கொண்ட அளவை இல்லாவிடில் வாதமும் நடவாது. காப்பியத்தின் முதற் காதையிலேயே, இந்திர விழாவுக்கு முரசறையும் வள்ளுவன், சமயவாதிகளைப் பட்டிமண்டபத்தில் ஏறுமாறு அழைக்கிறான். பகைவரோடாயினும் சினமும் கலகமும் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறான். பல நாட்டு வணிகரும் பல சமயத்தவரும் கூடிய துறைமுக நகரிலே வாதம் ஒரு பொது நிறுவனமாக இருந்தது என்பதற்கு இது சான்றாகும். பொது நிறுவனமான வாதத்துக்குப் பொது அளவையும் வேண்டியதாயிற்று.

27ஆம் காதையில் முதலிற் பேசுபவன் அளவைவாதியே. வேதவியாசன் பத்தும், கிருதகோடி எட்டும், சைமினி ஆறுமாக அளவைகளை வகுத்தனர் என்று அவன் தொடங்குகிறான். காண்டல், கருதல், உவமம், ஆகமம், அருத்தாபத்தி முதலாகப் பத்து அளவைகளும் அங்கே விளக்கம் பெறுகின்றன. அவற்றோடு ஐயம், திரியக்கோடல், தேராது தெளிதல் முதலிய எட்டுப் பிழையறிவுகளும் எண்ணப்படுகின்றன. இவ்விடத்தில் உலோகாயதமும் ஆறு தருக்க சமயங்களுள் ஒன்றாக வைத்து எண்ணப்படுவது மனங்கொளத்தக்கது. பிற்காலத்தில் இகழ்ச்சிப் பெயராகவே வழங்கிய பொருள்முதல்வாத மரபு, இங்கே பௌத்தம், சாங்கியம், நையாயிகம், வைசேடிகம், மீமாஞ்சை என்பவற்றோடு ஒரே வரிசையில் நிற்கின்றது.

கருதல் என்னும் அனுமானத்தை அளவைவாதி மூவகைப்படுத்துகிறான். காட்டிலே பிளிறல் கேட்டு யானை உண்டென அறிவது பொது. ஆற்றிலே வெள்ளம் கண்டு தலைப்பகுதியில் மழை பெய்தது என அறிவது எச்சம். கருக்கொண்ட முகிலைக் கண்டு மழை பெய்யும் என அறிவது முதல். விளைவிலிருந்து காரணத்துக்கும், காரணத்திலிருந்து விளைவுக்கும், ஒன்றிலிருந்து அதனோடு சேர்ந்திருக்கும் மற்றொன்றுக்கும் செல்லும் மூன்று வழிகளும் இங்கே அடங்கிவிடுகின்றன. எடுத்துக்காட்டுகள் காட்டிலும் ஆற்றங்கரையிலும் வயல்வெளியிலும் இருந்து வந்தவை என்பது கவனித்தற்குரியது. உழவனும் வேட்டுவனும் தமது தொழிலிலே நாள்தோறும் செய்துவந்த ஊகங்களையே சாத்திரகாரர் வகைப்படுத்திப் பெயரிட்டனர். நியாயித்தல் மனித உழைப்பிலே தோன்றிப் பின்னரே ஏட்டிலே ஏறியது.

3

அளவைவாதியின் நீண்ட பட்டியலை அறவண அடிகள் இரண்டாகச் சுருக்குகிறார். காட்சியும் கருத்தளவுமே அளவைகள். ஏனையவை கருத்தளவுள் அடங்கும் என்பது அவர் கொள்கை. காட்சி என்பது பெயர், சாதி, குணம், தொழில் என்னும் கற்பனைகள் ஏறுவதற்கு முன்னுள்ள தூய புலனறிவு. கருத்தளவோ பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் உறுப்புகளால் நடப்பது. மலையிலே நெருப்புண்டு என்பது பக்கம். புகையுடைமையால் என்பது ஏது. அடுக்களை போல என்பது திட்டாந்தம். உபநயம், நிகமனம் என வேறு சிலர் கூட்டிய இரண்டு உறுப்புகளும் திட்டாந்தத்துள் அடங்கும் என்பார் அடிகள்.

அரிஸ்டோட்டிலின் முக்கூற்று நியாயத்தோடு பழகியோர்க்கு இங்கு ஒரு வேறுபாடு தோன்றும். கிரேக்க அளவையியலிலே எடுகூற்றுகளிலிருந்து முடிபு தவறாது பெறப்படுகின்றதா என்பதே முதன்மையான வினா. எடுகூற்றுகள் உண்மையா என்பது வேறொரு வினா. ஆகவே வலிதான நியாயம் ஒன்று பொய்யான முடிபைத் தரவும் கூடும். பௌத்த அளவைநெறியிலோ திட்டாந்தம் கட்டாய உறுப்பு. இருதரப்பினரும் ஒப்புக்கொள்ளும் உலகப்பொருள் ஒன்றைச் சுட்டாமல் வாதம் நிறைவுறாது. வடிவமும் உள்ளடக்கமும் அங்கே முற்றாகப் பிரிக்கப்படவில்லை.

ஏதுவுக்கு மூன்று இலக்கணங்கள் வேண்டும். அது பக்கத்திலே இருத்தல் வேண்டும். முடிபுக்குரிய தன்மையைக் கொண்ட பிற பொருள்களாகிய சபக்கத்திலே காணப்படுதல் வேண்டும். அத்தன்மை இல்லாத பொருள்களாகிய விபக்கத்திலே அறவே இல்லாதிருத்தல் வேண்டும். மூன்றாவது இலக்கணமே தருக்கத்தின் உயிர்நிலை. தன் கட்சிக்கு இணங்கும் நூறு சான்றுகளைத் திரட்டுவது எளிது. மாறான ஒன்று உண்டா எனத் தேடிப் பார்ப்பதே அரிது. மூன்று இலக்கணங்களுள் ஒன்று குறையினும் ஏது போலியாகும். பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து என முப்பத்து மூன்று போலிகளை அடிகள் ஒவ்வொன்றாக விளக்குகிறார். வாசகர் சலிப்புறும் பகுதி இதுவே. ஆயினும் மெய்யான வாதம் எது என்று கூறும் அளவுக்கு மேலாக, மெய்போலத் தோன்றும் வாதம் எது என்று கூறுவதிலே ஒரு நூல் இத்துணை இடம் செலவிட்டது ஏன் என்று நாம் கேட்க வேண்டும். போலி வாதங்கள் அதிகாரம் செலுத்திய ஒரு சூழலிலேதான் போலிகளின் பட்டியல் இவ்வளவு நீளும்.

அடிகள் மீண்டும் மீண்டும் எடுத்தாளும் உதாரணமும் இக்கருத்தை வலியுறுத்துகின்றது. சத்தம் அநித்தியம், செய்யப்படுதலால், குடம் போல. செய்யப்படாததாகிய ஆகாயமோ நித்தியம். நியாயப்பிரவேசத்திலும் இதுவே உதாரணம். பாடப்புத்தகங்களிலே வரும் உயிரற்ற உதாரணங்களுள் ஒன்றாக இதனை வாசித்து விடுவது எளிது. ஆனால் சத்தம் நித்தியம் என்பது மீமாஞ்சகரின் மூலக்கொள்கை. சத்தம் நித்தியமானாலன்றி வேதம் யாராலும் செய்யப்படாதது என்று கூறவியலாது. வேதம் செய்யப்படாதது என்றாலன்றி அது விதிக்கும் வேள்வியும் வருணப் பாகுபாடும் கேள்விக்கு அப்பாற்பட்டவை ஆகா. வஞ்சியிலே வேதவாதி வேதத்துக்கு முதலும் முடிவும் இல்லை என்று கூறியதைக் கேட்டு வந்தவள், காஞ்சியிலே செய்யப்பட்டதெல்லாம் அழியும் என்று கற்கிறாள். குயவனின் குடம் வேதத்தின் நித்தியத்துக்கு எதிராக நிறுத்தப்படுகின்றது. கைத்தொழிலாளியின் ஆக்கப்பொருள் ஒன்று புரோகிதரின் ஆதிக்கத்துக்கு மறுப்பாக அமையும் இந்த உதாரணத்தை வறண்ட சாத்திரம் என்று தள்ளுவது பொருந்தாது.

4

மேற்கூறிய தருக்கம் 29ஆம் காதையிலேதான் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. ஆனால் அதற்கு வெகுமுன்னரே, 13ஆம் காதையில், அது செயலிலே காட்டப்பட்டுவிட்டது. அதனைச் செய்பவன் ஆபுத்திரன்.

பிறந்தவுடன் கைவிடப்பட்டு, பசுவின் பாலுண்டு உயிர்தப்பி, இளம்பூதி என்னும் பார்ப்பனனால் வளர்க்கப்பட்ட இவன், வேள்விக்கெனக் கட்டப்பட்டிருந்த பசுவை விடுவிக்கிறான். புல்லை மேய்ந்து பாலைத் தரும் இவ்விலங்கு உங்களுக்குச் செய்த தீங்கு யாது என்பது அவன் வினா. அதற்கு அந்தணர் நேர்விடை கூறவில்லை. வேதவிதி அறியாத நீ பசுவுக்கு மகனாதற்கே தக்கவன் என்று பிறப்பைச் சுட்டி இகழ்கின்றனர். இங்கே ஒரு நியாயம் மறைந்துள்ளது. இவன் பேசத் தகாதவன். இழிந்த பிறப்பினன் ஆதலால் என்பதே அது. ஆபுத்திரனின் மறுமொழி தருக்க இலக்கணத்துக்கு முற்றும் அமைந்தது. பசு, மான், புலி, நரி ஆகியவற்றின் வயிற்றிலே பிறந்தோராக அந்தணர் மரபே கூறும் முனிவர்களை அவன் பெயர் சொல்லிக் காட்டுகிறான். பின்னர், அவனைப் பெற்றவள் நெறிதவறிய சாலி என்னும் பார்ப்பனி என்று ஒருவன் வெளிப்படுத்தியபோது, தெய்வக் கணிகையின் மக்களாகிய முனிவர் இருவரைச் சுட்டி நகைக்கிறான்.

29ஆம் காதையின் பரிபாஷையிற் கூறுவதாயின், இழிந்த பிறப்பு என்னும் ஏது விபக்கத்திலும் காணப்படுகின்றது. போற்றப்படும் முனிவரும் அத்தகைய பிறப்பினரே. ஆகவே அந்த ஏது அநைகாந்திகம் என்னும் போலியாகும். மேலும், அவன் காட்டும் திட்டாந்தங்கள் எதிரியும் ஒப்புக்கொள்ள வேண்டியவை. எதிரியின் ஏட்டிலிருந்தே எடுக்கப்பட்டவை. பல நூற்றாண்டுகளின் பின்னர், 1854இல், யாழ்ப்பாணத்திலே ஆறுமுக நாவலர் சைவதூஷணபரிகாரத்தை எழுதியபோது, சைவக் கிரியைகளை இகழ்ந்த பாதிரிமாருக்கு அவர்களது விவிலியத்திலிருந்தே ஒத்த சான்றுகளைக் காட்டினார். இருவரின் சமூக நோக்குகளும் முற்றிலும் வேறானவை, வாதமுறை ஒன்றே. இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். எதிரியின் நூல் கொண்டு எதிரியை மடக்கும் முறை, அவரது ஏதுவை உடைக்க வல்லது. தன் கட்சியை அது நிறுவிவிடாது. ஆபுத்திரன் பிறப்பு என்னும் ஏதுவைத் தகர்த்தான். வருணப் பாகுபாடு தவறானது என்பதற்குத் தனி நியாயம் அவன் கூறவில்லை.

வாதத்தின் பின் நிகழ்ந்தது யாது? வென்றவன் ஊரைவிட்டு நீங்க வேண்டியதாயிற்று. வளர்த்த தந்தையும் கைவிட்டான். பசுவைத் திருடிய கள்வன் என்று கூறி, அந்தணர் ஊர்களிலெல்லாம் அவனது பிச்சைப் பாத்திரத்திலே கல்லை இட்டனர். மறுக்க முடியாத நியாயத்துக்குக் கல்லே மறுமொழியாயிற்று. போலி ஏதுக்கள் அறியாமையால் மட்டும் நிலைத்திருப்பன அல்ல. அவற்றை நிலைநிறுத்தும் நலன்கள் உள்ளன. அந்நலன்களுக்குப் பின்னே ஊரும் உணவும் உள்ளன. இதனைச் சாத்தனார் சூத்திரமாகக் கூறவில்லை. சோற்றுக்குப் பதிலாகக் கல் விழுந்த பாத்திரத்தைக் காட்டுவதோடு அமைகிறார். அந்தப் பாத்திரத்துக்குப் பதிலாகவே மதுரையிலே சிந்தாதேவியிடமிருந்து அமுதசுரபி அவன் கைக்கு வருகின்றது. காப்பியத்தின் மையப்பொருளாகிய அட்சயபாத்திரமே தோற்காத வாதமொன்றின் தோல்வியிலிருந்துதான் பிறக்கின்றது எனின் மிகையாகாது.

5

இனி, கருவியின் கூர் மழுங்கும் இடங்களைக் காண்போம்.

முதலாவது, பக்கப்போலிகளின் பட்டியலிலேயே உள்ளது. ஒன்பது போலிகளுள் முதல் மூன்று அறிவுக்கு முரணானவை. செவிக்குச் சத்தம் புலப்படாது என்பது காட்சிக்கு முரண். அனுமானத்துக்கு மாறானதைக் கூறுவது இரண்டாவது. ஒருவன் தன் தாயை மலடி என்பது தன் சொல்லுக்கே முரண். இவற்றிலே எவர்க்கும் கருத்து வேறுபாடு இராது. ஆனால் இவற்றோடு உலக விருத்தம், ஆகம விருத்தம் என்னும் இரண்டும் சேர்க்கப்பட்டுள்ளன. உலகவழக்குக்கு மாறாகக் கூறுவது போலி; தன் சமயநூலுக்கு மாறாகக் கூறுவதும் போலி. சத்தம் நித்தியம் என்று வைசேடிகன் கூறின், சத்தம் நித்தியமா அன்றா என்ற ஆராய்ச்சிக்கு முன்னரே, அவனது நூலுக்கு அது முரண் என்பதனால் வாதம் விழுந்துவிடுகின்றது. ஆகமத்தை அளவையாக ஏற்காத நெறி, ஆகமத்துக்குக் காவலாக ஒரு வாயிலை உள்ளே வைத்திருக்கின்றது. இது வாதமண்டபத்தின் நடைமுறை விதியாகத் தோன்றியிருக்கலாம். ஒருவன் எந்தக் கட்சியில் நின்று பேசுகின்றான் என்பது உறுதியாகாவிடில் வாதம் நடவாது. ஆனால் அவ்விதியின் விளைவு சிறிதன்று. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்ற கூற்றை அக்காலத்து ஊரார் உலக விருத்தம் என்றே தள்ளியிருப்பர். ஆபுத்திரன் நிகழ்த்திய வாதத்தை, காப்பியம் கற்பிக்கும் தருக்கத்தின் ஒரு விதி ஆதரிக்கின்றது. இன்னொரு விதி தடுக்கின்றது.

இரண்டாவது, வாதமண்டபத்தின் வாயிலிலே உள்ளது. இளையள், பெண் என்று கருதிச் சமயவாதிகள் உனக்குப் பொருளுரையார், ஆதலால் வேற்றுருக் கொள்க என்று தெய்வம் மணிமேகலைக்கு மந்திரம் அளிக்கின்றது. மாதவன் வடிவிலேதான் அவள் வஞ்சியிலே அளவைவாதியை அணுக முடிகின்றது. ஏதுவின் மூன்று இலக்கணங்களுள் எதிலும் கூறுவோர் ஆணாயிருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. நியாயத்தின் வடிவம் எல்லோர்க்கும் பொதுவாயினும் நியாயிக்கும் உரிமை பொதுவாக இல்லை. சமண நூலாகிய நீலகேசியிலும் வாதம் செய்து வெல்பவள் பெண்ணே. ஆயினும் அவள் முன்னர்ப் பேயாக இருந்தவள். சாதாரண மானிடப் பெண்ணொருத்தியைத் தன் சொந்த உருவிலே வாதமண்டபத்தில் ஏற்றுவதற்கு இந்நூல்கள் இரண்டுக்கும் ஏதேனும் ஒரு மாயம் தேவைப்படுகின்றது.

மூன்றாவது, பூதவாதியோடு நிகழும் உரையாடல். பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடியவிடத்து மதுவிலே களிப்புத் தோன்றுவதுபோலப் பூதங்களின் கூட்டத்திலே உணர்வு தோன்றுகின்றது என்கிறான் அவன். காட்சியே மெய், கருத்தளவு பொய் என்பதும் மறுபிறப்பு இல்லை என்பதும் அவன் கொள்கைகள். முற்பிறப்பை அறிந்தோர் பற்றிய பேச்சு எழுந்தபோது, தெய்வ மயக்கத்தாலோ கனவாலோ உண்டான மனமாறுபாடு அது என ஐயுறுகிறான். மணிமேகலை அவனை நோக்கி, அனுமானத்தால் அல்லாமல் உன் தாய் தந்தையரை எவ்வாறு அறிவாய் என்று கேட்கிறாள். வினா மிகக் கூரியது. கணிகையர் குலத்திலே பிறந்து, தந்தையாகிய கோவலன் யார் என்பதைப் பிறர் வாயிலாகவே அறிந்திருக்கக்கூடிய ஒருத்தி இதனைக் கேட்பதிலே தனிப் பொருளும் உண்டு. அனுமானத்தை மறுப்பவன் மதுவை உவமை காட்டி உணர்வின் தோற்றத்தை ஊகிப்பதே அனுமானமாகும் என்பதால், அவன் தன் சொல்லுக்குத் தானே முரணானவன்.

ஆயினும் நிறுவப்பட்டது யாது என்று நோக்குக. அனுமானம் வேண்டும் என்பது நிறுவப்பட்டது. மறுபிறப்பு உண்டு என்பது நிறுவப்படவில்லை. மணிபல்லவத்திலே புத்தபீடிகையைக் கண்டு பழம்பிறப்பு உணர்ந்தது காட்சியா, கனவா என்ற ஐயத்துக்கு விடை கிடைக்கவே இல்லை. பூதவாதியின் இரண்டு கூற்றுகளுள் வலியற்றது வீழ்த்தப்பட்டு, வலியது தொடப்படாமல் விடப்பட்டது. பொருள்முதல்வாதிகள் எல்லோரும் அனுமானத்தை முற்றாக மறுத்தனர் என்பதும் பொருந்தாது. உலகியற் பொருள்களிலே அனுமானத்தை ஏற்று, உலகைக் கடந்த பொருள்களிலே மட்டும் புரந்தரர் என்னும் சார்வாகர் அதனை மறுத்ததாக 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கமலசீலர் குறிப்பிடுகிறார். அத்தகைய எதிரியைச் சாத்தனார் மண்டபத்திலே ஏற்றவில்லை.

வினைக்கொள்கை காப்பியத்தின் அடித்தளம் என்பதே இதற்குக் காரணம். 23ஆம் காதையில், மகனை இழந்து புலம்பும் அரசியிடம் மணிமேகலை இருதலை வினா ஒன்றைத் தொடுக்கிறாள். அழுதது உடலுக்கெனின் அதனை அகற்றியவர் யார்? உயிருக்கெனின் அது வினைவழியே சென்ற இடத்தை அறிதல் அரிது. ஆகவே அவ்வுயிரிடத்து அன்புண்டாயின் எல்லா உயிரிடத்தும் இரங்குதல் வேண்டும். வடிவத்திலே குறை காண முடியாத இவ்வாதம், உடலும் உயிரும் வேறாய் நிற்பன என்பதையும் உயிர் வினைவழிச் செல்வது என்பதையும் சொல்லாமலே ஏற்றுக்கொள்கின்றது. பத்து அளவைகளையும் முப்பத்து மூன்று போலிகளையும் அறிந்த நூல், வினை என்னும் பக்கத்தை மட்டும் அளவையின் முன் நிறுத்தவில்லை. அவ்வாறு நிறுத்தியிருந்தால் துன்பத்துக்குக் காரணம் முற்பிறப்பிலா, இப்பிறப்பின் சமூக ஒழுங்கிலா என்ற வினா எழுந்திருக்கும். வியப்பு யாதெனில், கதை அவ்வினாவை வேறு வழியாக எழுப்பிவிடுகின்றது. பசித்தோரின் வினையை ஆராய்ந்து கொண்டிராமல் மணிமேகலை அவர்களுக்குச் சோறிடுகிறாள், சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகின்றது. காப்பியத்தின் செயல் அதன் சித்தாந்தத்தைத் தாண்டிச் செல்கின்றது.

இவற்றோடு ஒன்று சேர்த்து எண்ணத்தக்கது. அளவை இரண்டே என்ற கொள்கையை அடிகள் ஆதி சினேந்திரன் கூறியதாகவே தொடங்குகிறார். உரையளவையை விலக்கும் கொள்கைக்கும் உரையே ஆதாரமாகிவிடுகின்றது. இறுதிக் காதையிலே தருக்கம் முடிந்து சரணம் தொடங்குவது இதன் இயல்பான தொடர்ச்சியே.

6

பிற்காலத்தில் நிகழ்ந்த மாற்றம் நோக்கற்பாலது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் தருக்க உறுப்புகளாற் பகுத்து நிறுவினார். அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார், சிவஞானசித்தியாரில் அளவைகள் பத்தையும் காண்டல், கருதல், உரை என மூன்றுள் அடக்கினார். பௌத்தம் அளவையாகத் தனித்து ஏற்காத உரை, அதாவது இறைவன் அருளிய நூல், மீண்டும் அளவையாயிற்று. பரபக்கத்திலே முதலில் மறுக்கப்படுவது உலோகாயதமே. துறைமுக நகரின் பட்டிமண்டபத்துக்குப் பதிலாக நிலமானியங்களை உடைய கோயிலும் மடமும் அறிவின் நிலைக்களங்களாகிவிட்ட காலம் அது. பொதுநூல் இல்லாத பலர் கூடிய இடத்திலே காட்சியும் அனுமானமும் போதிய அளவைகளாயின. பொதுநூல் உடையோர் கூடிய இடத்திலே நூல் அளவையாயிற்று என விளக்கலாம்.

இவ்விளக்கத்தையும் அறவண அடிகளின் மூன்றாம் இலக்கணத்தாற் சோதித்தல் கடன். வணிகச் சார்பு காரணமாக உரையளவை விலக்கப்பட்டது என்போமாயின், வணிகரின் ஆதரவை மிகுதியாகப் பெற்ற சமணம் ஆகமத்தை அளவையாக ஏற்றமை விபக்கமாக எதிர்நிற்கும். ஆகவே வணிகச் சார்பு மட்டும் போதிய ஏது ஆகாது. வாதம் நிகழ்ந்த நிறுவனத்தின் தன்மை, எதிர்க்கட்சியின் வலிமை, அந்தந்தச் சமயத்தின் உள்மரபு என்பனவும் சேர்ந்தே காரணமாகும். பொருளாதார அடித்தளத்திலிருந்து கருத்துலகுக்கு ஒரே தாவலிலே செல்லும் விளக்கங்கள் மார்க்சியத்தின் பெயராலே கூறப்படினும் ஏதுப்போலிகளே.

7

இவ்வெச்சரிக்கை இன்றைய தமிழ் விமரிசனத்துக்கும் உரியது. இலங்கையிலே அளவையியல் உயர்தர வகுப்புப் பாடமாக உள்ளது. ஆனால் அங்கே கற்ற விதிகளை இலக்கியத்தைப் பற்றிப் பேசும்போது மறந்துவிடுவது நம்மிடையே வழக்கமாயுள்ளது. சுவை நோக்கினர் நல்லோர் மனம் ஒப்பும் என்பதை நியாயமாகக் காட்டுவர். அது உலக விருத்தம் என்ற பழைய வாயிற்காவலே. மரபு நோக்கினர் பழைய உரையாசிரியரின் சொல்லை முடிபாகக் கொள்வர், அது ஆகமம். முற்போக்காளரிடமும் ஒரு போலி உண்டு. இவ்வாசிரியர் இன்ன வர்க்கத்தவர், ஆதலால் இப்படைப்பு இன்ன நோக்குடையது என்பது அது. முடியாட்சி ஆதரவாளராகிய பால்சாக் தமது அனுதாபங்களுக்கு மாறாகவே பிரபுக்களின் வீழ்ச்சியைச் சித்திரித்தார் என்பதை ஏங்கெல்ஸ் 1888இல் மார்கரெட் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதத்திலே எடுத்துக்காட்டினார். பிராமணராகிய கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையிலே நிலவுடைமை வேதியரின் கொடுமையைப் பாடினார். விபக்கத்திலே ஏது காணப்படுகின்றது; ஆகவே அது அநைகாந்திகம். ஆபுத்திரனின் பிறப்பைச் சுட்டி அவன் வாயை அடைக்க முற்பட்ட அந்தணரின் நியாயமும், ஆசிரியரின் பிறப்பைச் சுட்டிப் படைப்பை அளக்கும் நியாயமும் வடிவத்தில் ஒன்றே. வர்க்கச் சார்பு படைப்பினுள்ளே எவ்வாறு தொழிற்படுகின்றது, எங்கே முரண்படுகின்றது என்று காட்டும்போதே அது ஏதுவாகும்.

மேற்கோள் என்ற சொல்லின் வரலாறு இவ்விடத்திலே நினைவுகூரத் தக்கது. மெய்கண்டாரின் வழக்கில் அது நிறுவப்பட வேண்டிய கூற்று. இன்றைய வழக்கில் அது பிறர் நூலிலிருந்து எடுத்துக்காட்டும் வாசகம். நிறுவப்பட வேண்டியதைக் குறித்த சொல், நிறுவிவிட்டதாகக் காட்டும் சொல்லாக மாறியுள்ளது. மார்க்சின் வாசகமாயினும் பரிமேலழகரின் வாசகமாயினும், ஏதுவும் எடுத்துக்காட்டும் தொடராத மேற்கோள் நிறுவப்படாத மேற்கோளே.

தருக்கம் தனித்து நின்று சமூகத்தை மாற்றாது என்பதை ஆபுத்திரனின் பாத்திரத்திலே விழுந்த கல் உணர்த்துகின்றது. எனினும், எறிவோரிடம் கல்லைத் தவிர வேறு விடை இல்லை என்பதை வெளிப்படுத்தியதும் தருக்கமே. மணிமேகலையின் 29ஆம் காதையைத் தாண்டிச் செல்லாது பொறுமையோடு பயில்வோர், அக்கருவியின் வலிமையையும் அதனை ஆக்கியோரே அதற்கிட்ட உறையையும் ஒருங்கே அறிந்துகொள்வர். அந்த உறையை நீக்கி, வினைக்கொள்கை உட்பட அனைத்தையும் அளவையின் முன் நிறுத்துவதே அம்மரபுக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறாகும்.